92 பேனல், மூன்று இரவு இருட்டு: ரீயூனியன் தீவில் ஒரு பள்ளிக் கூரை

2025 மார்ச் 1, சனிக்கிழமை காலை. முந்தின நாள்தான் கரான்ஸ் புயல் ரீயூனியன் தீவின் வடக்கையும் கிழக்கையும் புரட்டிப் போட்டிருந்தது. நான் வேலை பார்க்கும் ஊரின் தொடக்கப் பள்ளி ஒன்று புயல் முகாமாகத் திறக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மெத்தைகள், கயிற்றில் காயும் துணிகள், அழுது களைத்த குழந்தைகள். வானம் வெளுத்து வெயில் வந்துவிட்டது. கரண்ட் மட்டும் வரவில்லை.

வாசல் பக்கம் வயதான மலபார் அம்மா (தமிழ் வம்சத்துக்காரர்களுக்கு இங்கே உள்ள பெயர்) ஒருவர் மடியில் ஒரு சின்ன ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய இன்சுலின். ஐஸ் கரைந்து தண்ணீராகி வெகு நேரமாகியிருந்தது. பெட்டியைத் திறந்து என்னிடம் காட்டினார், ஒரு வார்த்தையும் பேசவில்லை.

என்னோடு வந்திருந்த எலக்ட்ரீஷியன் தம்பி வில்லியனூர்க்காரர். கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, தலைக்கு மேல 38 கிலோவாட் இருக்கு. கீழ ஒரு போன் சார்ஜ் போட வழியில்லையே!"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன். அரசுக் கட்டடங்களில் சூரிய மின்சாரம் கட்டாயம் என்பதை நான் முழு மனதோடு ஆதரிப்பவன். இந்தப் பள்ளியின் கூரை வேலையில் முதல் நாளிலிருந்து இருந்தவன். அதனால்தான் அந்தக் காலை எனக்கு அவ்வளவு வலித்தது. ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இதே கதை தீவில் வேறு ஊரிலும் நடந்திருக்கலாம், இனியும் நடக்கலாம்.

கம்பி வராத தீவு

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரீயூனியன், இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கும் பிரெஞ்சு மாவட்டம். சுமார் 9 லட்சம் பேர் வாழ்கிறோம். 1860-ல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கரும்புக் காட்டு வேலைக்குக் கப்பல் கப்பலாக வந்த தமிழர்களின் வம்சத்தை இங்கே மலபார் என்பார்கள். அவர்களுக்குக் கோயில் உண்டு, காவடி உண்டு, தீமிதி உண்டு. வீட்டில் பேசுவது கிரெயோல். என்னைப் போல் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து பின்னால் வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறோம். நகராட்சியை நாங்கள் இன்னும் மேரி என்றுதான் சொல்கிறோம். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து ஒரு மின்கம்பியும் வராது. தேவையான ஒவ்வொரு யூனிட்டையும் இங்கேயே உற்பத்தி செய்தாக வேண்டும். மலையில் தக்கமாக்கா, ரிவியேர் தெ லெஸ்த் நீர்மின் நிலையங்கள். சமவெளியில் புவா ரூஷிலும் லெ கோலிலும் சர்க்கரை ஆலைகளை ஒட்டி இரண்டு பெரிய அனல் நிலையங்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் அவை சக்கையை எரிக்கும். மிச்ச மாதங்களில் பல ஆண்டுகளாக எரிந்தது நிலக்கரி. 2023-லும் 2024 தொடக்கத்திலும் அந்த இடத்துக்கு மரத்துகள் உருண்டைகள் வந்துவிட்டன. துறைமுகத்துப் பக்கம் கனரக எரிபொருள் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்த நிலையம் இப்போது கடுகு இனத்து எண்ணெயில் ஓடுகிறது. ஏட்டுக் கணக்கில் தீவின் மின்சாரம் கிட்டத்தட்ட முழுதும் புதுப்பிக்கத்தக்கது. ஆனால் அந்த மரமும் எண்ணெயும் கடல் தாண்டிக் கப்பலில் வருகின்றன. கப்பல் தேவைப்படாமல் வந்து சேர்வது ஆறும் சக்கையும் வெயிலும் காற்றும்தான்.

இன்னொரு விஷயம் வெளியாட்களுக்குச் சட்டென்று புரியாது. இங்கே ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் செலவு பிரான்ஸ் பெருநிலத்தில் ஆவதைப் போல் பல மடங்கு. ஆனால் பில் அதே விகிதத்தில்தான் வரும். இடைவெளியைத் தேசிய நிதி நிரப்புகிறது. ஆகவே பள்ளிக் கூரையில் ஒரு யூனிட் விளைந்தால் மேரிக்கு மிச்சமாவது கொஞ்சம், தேசத்துக்கு மிச்சமாவது அதிகம். பேனல் வாங்கக் கடன் எடுப்பது மட்டும் மேரி. பல ஊர்கள் இந்த வேலையில் ஏன் தயங்குகின்றன என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

சட்டம் கேட்பது

பிரான்சில் 2021 ஆகஸ்ட் 22-ல் வந்த பருவநிலைச் சட்டமும் 2023 மார்ச் 10-ல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் விரைவுச் சட்டமும் சேர்ந்து வகுத்த விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வணிக, தொழில் கட்டடங்களுக்கு முதலில் வந்த கடமை, 2025 ஜனவரி 1 முதல் அரசு அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, பல்கலைக்கழகம், விளையாட்டு அரங்கம் எல்லாவற்றுக்கும் நீண்டது. புதிதாகக் கட்டும் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் கூரையில் 30% பரப்பில் சூரிய பேனலோ செடித் தோட்டமோ இருக்க வேண்டும். இந்தப் பங்கு 2026 ஜூலை முதல் 40%, 2027 ஜூலை முதல் 50%. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கு 2028 ஜனவரி 1 கெடு. 1500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வண்டி நிறுத்துமிடங்களுக்கும் தனி விதி உண்டு, அது வேறு கதை.

கட்டடத்தின் வலு, பாதுகாப்பு, பழமைச் சின்னம் போன்ற காரணங்களைக் காட்டி விலக்குக் கேட்கலாம். செடித் தோட்டத்தையும் விதி ஏற்றுக்கொள்கிறது. புயல் அடிக்கும் தீவில் தகரக் கூரை மேல் மண் கொட்டிச் செடி வளர்ப்பது நடக்காத காரியம். அதனால் எங்களுக்கு வழி பேனல்தான்.

கவனியுங்கள், இவ்வளவும் பரப்பளவுக் கணக்கு. கூரையில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று சட்டம் கேட்கிறது. அந்த மின்சாரம் யாருக்கு, எந்த நேரத்தில், மின்கட்டமைப்பு விழுந்துவிட்டால் என்ன என்று அது கேட்கவில்லை. இந்தப் பள்ளியில் நான் கற்றுக்கொண்டது முழுதும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

கட்டாயம் என்பது தீவுக்குப் புதிதில்லை. 2010 மே முதல் இங்கே கட்டப்படும் புது வீடுகளில் சூரிய வெந்நீர்க் கலன் இருந்தாக வேண்டும். குளிக்கும் வெந்நீரில் பாதியாவது வெயிலில் சூடாக வேண்டும் என்பது விதி. இன்று எந்த மேட்டில் நின்று பார்த்தாலும் கூரைகளில் அந்தக் கலன்கள் பளபளக்கின்றன. அதை யாரும் இப்போது பாரமாகப் பேசுவதில்லை. நல்ல விதி சில வருடங்களில் பழக்கமாகிவிடும் என்பதற்கு என் கண் முன் இருக்கும் சாட்சி அது.

கசப்பும் உண்டு. 2000-களின் இறுதியில் வரிச்சலுகையால் தீவில் பேனல் வேலை பொங்கி வழிந்தது. 2010 டிசம்பரில் பிரெஞ்சு அரசு புதிய சூரிய மின் ஒப்பந்தங்களை 3 மாதம் நிறுத்தி வைத்தது. அதற்கு முன்பே, 2008-ல் வந்த ஆணைப்படி, தீவுகளில் அந்தந்த நொடியில் ஓடும் மின்சாரத்தில் 30%க்கு மேல் காற்றும் வெயிலுமாக இருந்தால், சேமிப்பு வசதி இல்லாத நிலையங்களை மின்கட்டமைப்பிலிருந்து கழற்றிவிடலாம். சின்னத் தீவில் ஒரு மேகக் கூட்டம் கடந்தால்கூட அதிர்வெண் ஆடும், அதனால் அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. பிறகு அந்த எல்லை படிப்படியாகக் கூட்டப்பட்டது. ஆனால் பேட்டரி இல்லாத சூரிய மின்சாரத்துக்கு இங்கே ஒரு தலைவரம்பு உண்டு என்பது பதினைந்து வருடங்களுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த சேதி. எனக்கும் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடம்

பிரெஞ்சு முறையில் தொடக்கப் பள்ளிக் கட்டடம் மேரியின் சொத்து, நடுநிலைப் பள்ளி மாவட்டத்தின் சொத்து, உயர்நிலைப் பள்ளி பிராந்தியத்தின் சொத்து. ஆக மூன்று வகைப் பள்ளியில் ஏழையான வகை எங்களுடையது.

எங்கள் பள்ளியின் கூரை சுமார் 620 சதுர மீட்டர். வகுப்பறைகள் ஒரு நீண்ட வரிசையாக, கடைசியில் சாப்பாட்டுக் கூடம். சட்டம் எங்களைத் தொட 2028 வரை நேரம் இருந்தது. ஆனால் தகரம் துருப்பிடித்து ஒழுகியது, கூரையை எப்படியும் மாற்ற வேண்டும். ஒரு பகுதியில் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அட்டைகள் வேறு. பிரான்சில் கல்நாருக்கு 1997-லிருந்து தடை. அதைக் கழற்றுவதற்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், மூடிய பைகள் வேண்டும், பிள்ளைகள் இல்லாத நாட்கள் வேண்டும். தீவில் அரசுக் கூரைகளுக்குப் பேனல் போடும் பேச்சு பெரும்பாலும் கல்நார்ப் பேச்சாகத்தான் முடிகிறது.

எங்கள் முன் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கூரையை இருபது வருடத்துக்கு ஒரு முதலீட்டாளருக்கு வாடகைக்கு விடுவது. அவரே கூரையை மாற்றித் தருவார், பேனல் போடுவார், மின்சாரம் முழுதையும் மின் நிறுவனத்துக்கு விற்றுக்கொள்வார். மேரிக்கு ஒரு காசு செலவில்லை. பல ஊர்கள் இதைத்தான் செய்கின்றன, அதில் தவறும் இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கீழே இருக்கும் கட்டடத்துக்கு மேலே விளையும் மின்சாரத்தில் உரிமை கிடையாது. இரண்டாவது வழி, நாமே வாங்கி, பள்ளியே பயன்படுத்தி, மிச்சத்தை விற்பது. நான் இரண்டாவதற்காகப் பேசினேன். பிள்ளைகளின் கூரையில் விழும் வெயில் பிள்ளைகளுக்கு முதலில் உதவட்டும் என்றேன். சபையில் அது நின்றது.

620-ல் 30% என்றால் 186 சதுர மீட்டர். ஒரு பேனல் இரண்டு சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், 410 வாட். 92 பேனல் வைத்தோம், கிட்டத்தட்ட 38 கிலோவாட். பேனல் தரும் நேர்மின்சாரத்தைக் கட்டடத்துக்கான மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் வெளியீட்டை மட்டும் 36-க்குள் நிறுத்தினோம். அந்தக் கோட்டைத் தாண்டினால் இணைப்புக்கான நடைமுறையே மாறிவிடும், செலவும் கூடும். தீவில் பல பள்ளிகள் சரியாக 36-ல் நிற்பதன் ரகசியம் இதுதான்.

நம் ஊரில் பேனல் தெற்கு பார்க்கும். இங்கே வடக்கு. வந்த புதிதில் எனக்கு இது தலைகீழாகவே தெரிந்தது. டிசம்பரில் வெயில் தலைக்கு நேர் மேலே வந்து, கொஞ்சம் தெற்கே கூடச் சாயும். அந்த நாட்களில்தான் விளைச்சல் உச்சம். ஆனால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை இங்கே பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை! பேனல் முழு மூச்சாக ஓடும்போது பள்ளியில் ஆள் இல்லை. வார இறுதியையும் சேர்த்தால் வருடத்தில் பாதி வெயில் வெற்றுக் கட்டடத்தின் மேல்தான் விழுகிறது. கிழக்குக் கரை மழைக்காடு, அதனால் கிலோவாட்டுக்கு வருடம் 1300 யூனிட் என்று அடக்கமாகவே கணக்குப் போட்டோம். மொத்தம் 50,000 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. விளக்கும் விசிறியும் கணினியும் சமையலறைக் குளிர்பெட்டியும் சேர்த்தாலும் அதில் பாதியைப் பள்ளியால் நேராகப் பயன்படுத்த முடியாது. மிச்சம் விற்பனைக்கு.

தகரத்தில் ஆணி அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. திருகாணியைத் தகர அலையின் மேட்டில்தான் இறக்க வேண்டும், பள்ளத்தில் இறக்கினால் தண்ணீர் அங்கேதான் நிற்கும். ஒவ்வொன்றும் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும், வெறும் தகரத்தைப் பிடித்தால் போதாது. புயல் காற்று கூரையை அமுக்குவதை விட மேலே உறிஞ்சும். ஓரத்திலும் மூலையிலும் அந்த உறிஞ்சல் மிக அதிகம். அதனால் ஓரத்தில் ஒரு மீட்டர் விட்டே பேனல் தொடங்க வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றார். ஒப்பந்தக்காரருக்கு அதில் விருப்பமில்லை, தம்பி விடவில்லை. கரான்ஸ் காற்றில் பக்கத்துக் கட்டடத்தின் தகரங்கள் பறந்தன. எங்கள் 92 பேனலில் ஒன்று கூடக் கழலவில்லை. பறந்து வந்த கிளை பட்டு இரண்டின் கண்ணாடி மட்டும் உடைந்தது. அந்த ஒரு மீட்டருக்காக அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொரு நன்மை எங்கள் கணக்கில் இல்லாமலே வந்தது. பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, காற்று அதில் ஓடுகிறது. பேனல் கூரைக்கே குடை பிடித்த மாதிரி. மதியம் இரண்டு மணிக்கு, பேனல் இல்லாத பக்கத்து வகுப்பில் உட்கூரையைத் தொட்டால் கை சுடும். பேனல் உள்ள பக்கம் வெதுவெதுப்போடு சரி. அந்த வரிசை வகுப்புகளில் மதியம் பிள்ளைகள் தூங்கி விழுவது குறைந்துவிட்டது என்று ஆசிரியைகள் சொன்னார்கள்.

சேன் பியேரில் பல்கலைக்கழகத்துக்காக 2008-ல் கட்டிய எனெர்போஸ் என்ற கட்டடம் இதை முன்பே காட்டியது. இரண்டு பக்கமும் திறக்கும் ஜன்னல், வெயிலை மறைக்கும் சட்டங்கள், கூரை விசிறி, அதற்கு மேல்தான் பேனல். வருடம் முழுவதும் தான் செலவழிப்பதை விட அதிகமாகவே அது விளைவிக்கிறது. தேவையை முதலில் குறைத்தார்கள், பேனல் பிறகு வந்தது. எங்கள் ஊரில் குளிர்சாதனம் கேட்டுக் கடிதம் எழுதும் ஒவ்வொருவரையும் அங்கே ஒரு முறை அழைத்துப் போகிறேன்.

ஏன் இருட்டு

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

கட்டமைப்போடு இணைந்து ஓடும் சாதாரண இன்வெர்ட்டர் நொடிக்கு நொடி வெளியே இருக்கும் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியே கரண்ட் போனால் உடனே தானும் நின்றுவிடும். இதற்கு நல்ல காரணம் உண்டு. அறுந்த கம்பியைச் சரி செய்ய ஒருவர் கம்பத்தில் ஏறியிருக்கிறார். அந்தக் கம்பிக்கு எங்கோ ஒரு கூரையிலிருந்து மின்சாரம் வந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால் இந்த நிறுத்தத்தை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். வெளியே போகும் கம்பியைத் துண்டித்துவிட்டு, பள்ளிக்குள் மட்டும் மின்சாரத்தை ஓட்ட முடியும். அதற்கு வேறு வகை இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி, தானே விலகிக்கொள்ளும் ஒரு சுவிட்ச், அவசர விளக்குகளுக்குத் தனி மின்பலகை வேண்டும். எங்கள் முதல் வரைவில் இது இருந்தது. செலவு கூடியபோது அடிக்கப்பட்ட முதல் வரி அதுதான். சட்டம் கேட்கவில்லை, மானியக் கணக்கில் வரவில்லை, பள்ளிக்கு ராத்திரியில் மின்சாரம் எதற்கு என்றார்கள். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆனால் அதே பள்ளி ஊரின் பேரிடர்த் திட்டத்தில் முகாமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அந்தத் திட்டம் வேறு அறையில், வேறு அலமாரியில், வேறு அதிகாரியிடம். கூரைக் கோப்பைப் பார்த்த எங்களில் ஒருவரும் எழுந்து போய் அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை. 2024 ஜனவரி 15-ல் பெலால் புயல் வந்து, எச்சரிக்கைகளில் உச்சமான ஊதா எச்சரிக்கை கொடுக்கப்பட்டபோதும் கூட நாங்கள் விழித்துக்கொள்ளவில்லை.

கரான்ஸ் புயலில் தீவில் 5 பேர் இறந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கரண்ட் இல்லை, பல ஊர்களில் குழாய்த் தண்ணீரும் இல்லை. எங்கள் முகாமில் மூன்று இரவு இருட்டு. முதல் இரவு மெழுகுவர்த்தி. இரண்டாவது இரவு யாரோ காரிலிருந்து கம்பி இழுத்து ஒரு விளக்கு போட்டார்கள். இன்சுலின் அம்மாவின் பெட்டியை நான் சனிக்கிழமை மதியம் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு மருந்துக்கடைக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். மரம் விழுந்த சாலையில் போகவர இரண்டு மணி நேரம். இதற்கிடையில் தலைக்கு மேல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெயில் காய்ந்து வீணாகப் போனது.

எனக்கு அப்போது 2011 டிசம்பர் 30 ஞாபகம் வந்தது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறிய நாள். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கரண்ட் இல்லாமல் அடுத்தடுத்த நாட்களில் ஜெனரேட்டர் வைத்த வீட்டு வாசலில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். அதற்கு அடுத்த வருடம்தான் தமிழ்நாடு அரசு சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது, புது அரசுக் கட்டடங்களில் பேனல் வேண்டும் என்றது. இரண்டு கடற்கரைக்கும் ஒரே பாடம்தான் வந்து போயிருக்கிறது.

எவ்வளவு போதும்

முகாமுக்கு மின்சாரம் என்றதும் பெரிய செலவு என்று பயப்படுகிறார்கள். நானும் தம்பியும் அடுத்த வாரமே உட்கார்ந்து எழுதிய கணக்கு இது. கூடத்திலும் கழிப்பறை வழியிலும் 10 வாட் விளக்கு 20, ராத்திரிக்கு 6 மணி நேரம்: 1.2 யூனிட். மருந்துக்கும் குழந்தைப் பாலுக்கும் ஒரு குளிர்பெட்டி: நாளுக்கு ஒன்றரை யூனிட். 80 போன்களுக்குச் சார்ஜ்: ஒரு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். கூரை விசிறி பத்து, 8 மணி நேரம்: 4 யூனிட். மூச்சுத் திணறல் உள்ளவர்களின் கருவிக்கும் ஒரு வானொலிக்கும் சேர்த்து 10 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

38 கிலோவாட் கூரை, மேகம் கவிந்த மோசமான நாளில் கூட இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு தரும். அதாவது சட்டத்துக்காக நாங்கள் போட்ட கூரை தேவைக்கு மேலேயே இருந்தது. 10 யூனிட்டை ராத்திரிக்குப் பிடித்து வைக்க ஒரு பாத்திரமும், அதை வெளியே ஒழுகாமல் நிறுத்த ஒரு கதவும்தான் இல்லை.

மேரி சபையில் இதைப் படித்துக் காட்டினேன். ஐஸ் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். இம்முறை யாரும் வரியை அடிக்கவில்லை.

வைத்தது 15 யூனிட் பிடிக்கும் இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரி. வெப்பத்தை ஓரளவு தாங்கும், தீப்பிடிக்கும் பயமும் மற்ற வகைகளை விடக் குறைவு. தரையில் வைக்கவில்லை, வெள்ளம் வரும் ஊர். சுவரில் இடுப்பு உயரத்துக்கு மேல், நிழல் பக்கத்து அறையில், காற்றோட்டத்தோடு. தனி மின்பலகையில் சாப்பாட்டுக் கூடம் மட்டும். வகுப்பறைகளுக்கு வராது, அலுவலகத்துக் குளிர்சாதனத்துக்கு வரவே வராது. இதில் தலைமையாசிரியருக்குக் கொஞ்சம் வருத்தம். பிறகு புரிந்துகொண்டார்.

சாதாரண நாளில் பேட்டரி சும்மா இருக்க வேண்டியதில்லை. தீவின் மின்தேவை ராத்திரி 7 மணி வாக்கில்தான் உச்சத்துக்குப் போகும், அப்போது வெயில் இல்லை. பகல் மின்சாரத்தில் கொஞ்சத்தை எடுத்து வைத்து, மாலை நேரச் சங்கக் கூட்டங்களுக்கும் வெளி விளக்குகளுக்கும் கொடுக்கிறோம். ஆனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, புயல் மாதங்களில், 60%க்குக் கீழே இறங்காதபடி பூட்டியிருக்கிறோம். மஞ்சள் எச்சரிக்கை வந்த உடனே 100% நிரப்ப வேண்டும். இதைச் செய்யும் பொறுப்பைத் தொலைவில் இருக்கும் நிறுவனத்திடம் விடவில்லை. இணையம் முதலில் போகும். பள்ளிக் காவலாளிக்குச் சொல்லிக் கொடுத்து, பலகையின் கதவில் பெரிய எழுத்தில் நான்கே வரி ஒட்டியிருக்கிறது.

விடுமுறை மாதத்து மிச்சத்துக்கும் ஒரு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டடங்கள் ஒரு கூரையின் மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. குழந்தைகள் காப்பகமும் முதியோர் கூடமும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கின்றன, டிசம்பரில் மூடுவதில்லை. தாள் வேலை முடியவில்லை.

மேலே இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முகாம் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு அரசுக் கட்டடத்துக்கும், 30% கூரை என்ற விதியோடு, மின்கட்டமைப்பு விழுந்த பிறகும் ஒரு கூடத்தை ஓட்ட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். மானியமும் அந்த வரிக்குச் சேர்த்தே வரட்டும். 2024 டிசம்பர் 14-ல் சீடோ புயல் மயோத் தீவை அழித்த பிறகு, பிரெஞ்சுக் கொடி பறக்கும் இந்தக் கடலில் இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. பெருநிலத்துக்காக எழுதிய விதியில் புயல் இல்லை, எங்கள் வருடத்தில் இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை சோதனை வைத்தோம். சுற்று வட்டாரத்துக்காரர்களை அழைத்திருந்தோம், ஐஸ் பெட்டி அம்மாவும் பேத்தியோடு வந்திருந்தார். தம்பி முதன்மைச் சுவிட்சை இறக்கினார். விளக்கு அணைந்தது, விசிறி மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒருவரும் பேசவில்லை. உள்ளே எங்கோ டக் என்று ஒரு சத்தம். விசிறி முழுதாக நிற்பதற்குள் மறுபடி வேகம் எடுத்தது, குளிர்பெட்டி முனகத் தொடங்கியது. அந்த அம்மா எழுந்து போய் அதன் கதவைத் திறந்து, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். மூடினார். இன்னொரு முறை திறந்து பார்த்தார்.

ஊரின் பட்டியலில் இன்னும் மூன்று முகாம் பள்ளிகள் இருக்கின்றன. இரண்டில் கல்நார். ஒன்றின் கூரை இருபது வருட வாடகையில் போய்விட்டது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவை மாற்றக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர வேண்டியிருக்கிறது.